டிஷ் வயர் கனெக்டர்: எந்தக் குறைக்கு எங்கே கை வைப்பது

எங்கள் வீட்டு மொட்டை மாடி டிஷ்ஷிலிருந்து கூடத்து டிவி வரை ஏறக்குறைய 25 மீட்டர் வயர் ஓடுகிறது. இத்தனை வருடத்தில் அந்த வயரின் நடுவில் ஒரே ஒரு முறைதான் கோளாறு வந்தது, அதுவும் அணில் கடித்ததால். மற்ற தகராறெல்லாம் இரண்டு முனைகளிலும் உள்ள அரை அங்குலத்துக்குள்தான். கடலோர ஊர், உப்புக்காற்று வேறு. அதனால் எங்களுக்கு அது கொஞ்சம் அடிக்கடியே வரும்.

ஆளைக் கூப்பிட்டால் வருகிறவர் பெரும்பாலும் முதலில் செய்வது, பழைய கனெக்டரை வெட்டி எறிந்துவிட்டுப் புதிது மாட்டுவதுதான். அதை நாமே செய்யலாம். ஆனால் கோளாறு எந்த முனையில் என்று தெரியாமல் வெட்ட ஆரம்பித்தால் வயர்தான் குட்டையாகிக்கொண்டே போகும். எனவே திரையில் என்ன தெரிகிறதோ அதிலிருந்து தொடங்கலாம்.

ஒரு எச்சரிக்கை. இந்த வயரில் சிக்னல் கீழே வருகிறது, அதே வயரில் டிஷ்ஷின் முகத்தில் சிக்னலைப் பிடித்துக் கீழே அனுப்பும் எல்என்பி என்ற கருவிக்கு 13 அல்லது 18 வோல்ட் மேலே போகிறது. நமக்கு ஷாக் அடிக்கும் அளவு இல்லை. ஆனால் வயரின் நடுக்கம்பி அதைச் சுற்றியுள்ள கம்பிப் பின்னலைத் தொட்டால் பெட்டிக்குக் கெடுதல். கழற்றும்போதும் மாட்டும்போதும் செட் டாப் பாக்ஸை ரிமோட்டில் அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். இடி மின்னல் நேரத்தில் மாடிப் பக்கமே போக வேண்டாம்.

நல்ல முனை எப்படி இருக்கும்

இது தெரியாமல் கெட்டதைக் கண்டுபிடிக்க முடியாது. வீட்டு டிஷ்ஷுக்கு வருவது பெரும்பாலும் ஆர்ஜி-6 வயர். 75 ஓம் வகை, வெளிப்புறத் தடிமன் ஏறக்குறைய 7 மி.மீ. உரித்தால் வரிசையாக வருபவை: கறுப்பு மேலுறை, மெல்லிய கம்பிப் பின்னல், சில்வர் பேப்பர், வெள்ளை நுரை, நடுவில் 1 மி.மீ. கம்பி. இதன் முனையில் மாட்டும், நட்டு வைத்த கனெக்டருக்கு எஃப் கனெக்டர் என்று பெயர். அதில் தனியாக ஊசி கிடையாது, இந்த நடுக்கம்பியேதான் ஊசி. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஜெரால்டு எலக்ட்ரானிக்ஸில் வேலை செய்த எரிக் வின்ஸ்டன், கேபிள் டிவிக்காக உருவாக்கியது இது. ஊசி என்ற ஓர் உறுப்பையே எடுத்துவிட்டதால் மலிவாகிவிட்டது. ஆனால் கம்பியை நாம் எப்படி உரிக்கிறோமோ அப்படித்தான் ஊசியும் இருக்கும்.

முனையிலிருந்து ஏறக்குறைய 15 மி.மீ. நீளத்துக்கு மேலுறையை மட்டும் எடுக்க வேண்டும். பேப்பர் கட்டர் போதும். பிளேடை அழுத்தாமல் வயரைச் சுற்றி ஒரு கோடு போட்டு, வளைத்தால் தானாகப் பிளக்கும். பின்னலை ஓர் இழை விடாமல் பின்னுக்கு மடித்து மேலுறை மேல் படிய விடுங்கள். நுரையோடு ஒட்டியிருக்கும் சில்வர் பேப்பரைத் தொடாதீர்கள், அது அப்படியே இருக்கட்டும். இனி மேலுறை முனையிலிருந்து 6 மி.மீ. நுரையை விட்டுவிட்டு மிச்சத்தைச் சில்வர் பேப்பரோடு சேர்த்து எடுங்கள். இங்கேதான் கை நிதானம் வேண்டும். பிளேடு நடுக்கம்பியைத் தொட்டால் கீறல் விழும். கீறல் விழுந்த கம்பி இன்று வேலை செய்யும், வேறொரு நாள் வளைக்கும்போது அதே இடத்தில் முறியும்.

அப்புறம் கனெக்டரை ஏற்ற வேண்டும். அதன் உட்குழாய் சில்வர் பேப்பருக்கும் பின்னலுக்கும் நடுவில் நுழைய வேண்டும். முன்பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தால் வெள்ளை நுரை கனெக்டரின் உள்தரையோடு சமமாக நிற்க வேண்டும், உள்வாங்கியும் இருக்கக் கூடாது, துருத்தவும் கூடாது. நடுக்கம்பி நட்டின் விளிம்பைத் தாண்டி 2 மி.மீ. போல நீட்டிக்கொண்டிருக்கட்டும். அதிகமாக இருந்தால் கட்டிங் பிளேயரால் நறுக்கிவிடலாம். குறைந்தால் மறுபடி உரிக்க வேண்டியதுதான்.

கடையில் மூன்று வகை கிடைக்கும். கையால் திருகி ஏற்றுவது, கருவியால் சுற்றிலும் நசுக்கிப் பிடிக்கவைக்கும் கிரிம்ப், கருவியால் நீளவாக்கில் அழுத்திப் பூட்டும் கம்ப்ரஷன். வீட்டுக்குள், ஆட்டம் அசைவு இல்லாத இடத்தில் திருகு வகை போதும். மாடியில் கம்ப்ரஷன்தான் என் தேர்வு. அதற்கென்று ஒரு கைக்கருவி வாங்க வேண்டும், ஆனால் தண்ணீர் போகாது, இழுத்தாலும் வராது. எனக்குப் பிடிக்காதது, கிரிம்ப் வகையை அதற்குரிய அறுகோணக் கருவி இல்லாமல் பிளேயரால் நசுக்குவது. வட்டமாக இருக்க வேண்டியது முட்டை வடிவாகி ஒரு பக்கம் இடைவெளி விடும். மழைத்தண்ணீருக்கு அந்த இடைவெளி தாராளம்.

சிக்னல் அளவு, தரம் இரண்டுமே பூஜ்யம்

பெட்டியின் மெனுவில் சிக்னல் பக்கத்தைத் திறந்தால் இரண்டு பட்டைகள் இருக்கும். இரண்டும் செத்துக் கிடந்தால் எல்என்பிக்கு மின்சாரம் போகவில்லை, அல்லது வயர் எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது ஷார்ட். ஷார்ட் ஆனால் சில பெட்டிகள் அதைத் திரையிலேயே எழுதிக் காட்டும்.

மாடி ஏறுவதற்கு முன் மல்டிமீட்டரை எடுங்கள். இரண்டு முனைகளையும் கழற்றி வைத்துவிட்டு மீட்டரைத் தொடர்பு இருந்தால் பீப் அடிக்கும் அளவில் வைத்து, நடுக்கம்பிக்கும் கனெக்டரின் வெளியுடம்புக்கும் இடையே அளந்து பாருங்கள். மீட்டர் கத்தினால் ஷார்ட். காரணம் பெரும்பாலும் பின்னலின் ஒற்றை இழை. தலைமுடி போல மெல்லியது, மடிக்கும்போது கண்ணில் படாமல் முன்பக்கம் தப்பி நடுக்கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கும். டார்ச் அடித்துக் கனெக்டருக்குள் பாருங்கள், பளிச்சென்று தெரியும். ஊசியால் எடுத்து விடுகிற வேலை வேண்டாம், எங்கே போனது என்று தெரியாது. வெட்டி, புதிதாகப் போடுங்கள்.

மீட்டர் கத்தவில்லையா? மாடி முனையில் நடுக்கம்பியையும் உடம்பையும் ஒரு சில்வர் பேப்பர் துண்டால் சேர்த்துவிட்டு, கீழே வந்து ஓம் அளவில் பாருங்கள். 30 மீட்டர் வயருக்கு 4, 5 ஓம் காட்டினால் சரி. ஒன்றுமே காட்டாவிட்டால் எங்கோ அறுந்திருக்கிறது. முதல் சந்தேகம் மாடி முனை நடுக்கம்பி மேல். இரண்டாவது, ஜன்னல் கதவு நசுக்கும் இடம். மூன்றாவது, கிளிப் ஆணி வயர் மேலேயே இறங்கிய இடம்.

மீட்டர் முள்ளைப் பெட்டியின் சாக்கெட்டுக்குள் மட்டும் குத்தாதீர்கள். உள்ளே இருக்கும் சின்ன ஸ்பிரிங் 1 மி.மீ. கம்பிக்காகச் செய்தது. தடித்த முள் ஒரு முறை போனால் விரிந்துவிடும், பிறகு எந்தக் கனெக்டர் போட்டாலும் பிடிக்காது.

அளவு இருக்கிறது, தரம் மட்டும் பூஜ்யம்

கனெக்டரை விட்டுவிடுங்கள். எல்என்பிக்கு மின்சாரம் போய், அதன் இரைச்சல் கீழே வந்துகொண்டிருக்கிறது, அந்த இரைச்சலைத்தான் பெட்டி அளவாகக் காட்டுகிறது. டிஷ் திரும்பியிருக்கிறது. காற்று, குரங்கு, துணி காயப்போட வந்தவர் என்று யாராவது காரணமாக இருப்பார்கள்.

பாதி சேனல் வருகிறது, பாதி வரவில்லை

இதுதான் ஆளைக் குழப்பும் குறை. என்னையும் ஒரு தீபாவளிக்கு முன்தினம் முழுக்கக் குழப்பியது. சந்தா பிரச்சினை என்று நினைத்து வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்து, அவர்கள் சொன்னபடி பெட்டியை நான்கு முறை அணைத்துப் போட்டேன். கடைசியில் பார்த்தால் மாடிக் கனெக்டருக்குள் பச்சைக் களிம்பு.

நடப்பது இது. டிஷ் சிக்னல் செங்குத்து, கிடை என்று இரண்டு திசைகளில் அதிர்ந்து வரும். எதை எடுப்பது என்று எல்என்பிக்குச் சொல்வது அந்த மின்னழுத்தம்தான். 13 வோல்ட் வந்தால் செங்குத்து, 18 வந்தால் கிடை. நடுவில் ஏறத்தாழ 15 வோல்ட்டில் எல்என்பி முடிவெடுக்கும். பெட்டி 18 அனுப்பினாலும் களிம்பேறிய முனையில் 3 வோல்ட்டுக்கு மேல் தொலைந்தால் எல்என்பிக்கு அது 13 போலத்தான் தோன்றும். கிடைச் சேனல்கள் அத்தனையும் காணாமல் போகும், மற்றவை ஒரு குறையும் இல்லாமல் ஓடும். உங்கள் சேவை இரண்டு திசைகளையும் பயன்படுத்தினால்தான் இந்தக் குறை கண்ணுக்குத் தெரியும்.

வயரைக் குறை சொல்வதற்கு முன் ஒரு கணக்கு. மலிவு வயர்களில் நடுக்கம்பி முழுச் செம்பு இல்லை, செம்பு பூசிய இரும்பு. காந்தம் வைத்தால் ஒட்டும். 1 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் செம்பின் மேற்பரப்பில் 2 மைக்ரான் ஆழத்துக்குள்ளேயே ஓடிவிடுவதால் சிக்னலுக்கு அந்தப் பூச்சு போதும். மின்சாரத்துக்கு அப்படி இல்லை, கம்பி முழுவதும் அதற்கு வேண்டும், இரும்பில் அது திணறும். முழுச் செம்பைவிட நான்கைந்து மடங்கு தடை. ஆனாலும் 30 மீட்டருக்கு மொத்தத் தடை 4 ஓம்தான். எல்என்பி 200 மில்லியாம்பியர் இழுத்தால் தொலைவது 0.8 வோல்ட். அதற்காகப் பாதி சேனல் போகாது. 3 வோல்ட் தொலைய வேண்டுமென்றால் 15 ஓம் வேண்டும். அந்த மிச்சத் தடை வயரிலிருந்து வராது, கனெக்டரில்தான் இருக்கும்.

இங்கே ஒரு பொறி உண்டு. மாடியில் எல்என்பியைக் கழற்றிவிட்டு வயர் முனையில் வோல்ட் அளந்தால் 18 அப்படியே காட்டும். மின்சாரம் ஓடாதபோது எந்தக் களிம்பிலும் வோல்ட் தொலையாது. 18 இருக்கிறதே என்று எல்என்பியை மாற்றிவிட்டு ஏமாந்தவர்கள் இருக்கிறார்கள். அதனால் வோல்ட் அளக்காதீர்கள், முன்பு சொன்ன சில்வர் பேப்பர் சோதனையில் ஓம் பாருங்கள். 4, 5 வர வேண்டிய இடத்தில் 12, 20 என்று வந்தாலோ, வயரை ஆட்டும்போது எண் துள்ளினாலோ, இரண்டு முனைகளையும் வெட்டிப் புதிதாகப் போடுங்கள். வெட்டும்போது உள்ளே பின்னல் கறுத்திருந்தால் இன்னும் ஒரு சாண் பின்னுக்குப் போங்கள், பளபளவென்று கம்பி தெரியும் வரை.

தொட்டால் வருகிறது, விட்டால் போகிறது

பெட்டிக்குப் பின்னால் வயரை ஒரு கோணத்தில் பிடித்தால் படம் நிற்கும், விட்டால் கட்டம் கட்டமாக உடையும். வயருக்கடியில் மடித்த பேப்பரை முட்டுக் கொடுத்து மாதக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் உண்டு.

முதலில் நட்டை இறுக்கிப் பாருங்கள். எஃப் கனெக்டர் நட்டுக்கு 11 மி.மீ. ஸ்பேனர் சரியாகப் பொருந்தும். மாடியில் விரலால் முடிந்தவரை திருகிவிட்டு ஸ்பேனரால் கால் சுற்றுக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். பெட்டியில் விரல் இறுக்கமே போதும், அந்தச் சாக்கெட் உள்ளே போர்டில் ஈயம் வைத்து நிற்கிறது.

இறுக்கமாகத்தான் இருக்கிறது என்றால் கழற்றி நடுக்கம்பியைப் பாருங்கள். குட்டையாக இருக்கிறதா? வளைந்து ஒரு பக்கம் உட்கார்ந்திருக்கிறதா? இரண்டும் இல்லை, கம்பி செம்பு நிறத்தில் அழகாக இருக்கிறது, ஆனாலும் தகராறு என்றால், விரல் நகத்தால் கம்பியைச் சுரண்டுங்கள். மெழுகு போல ஏதாவது உரிந்து வரும். நுரையை இழுத்து எடுக்கும்போது கம்பியில் ஒட்டிக்கொண்ட மெல்லிய படலம் அது. கண்ணுக்குத் தெரியாது, மின்சாரத்தையும் விடாது. பிளேடால் சுரண்டினால் செம்புப் பூச்சு போய் இரும்பு வெளியே வந்து துருப்பிடிக்கும். நகம் போதும்.

மழை

மழை கொட்டும்போது படம் போய், விட்டதும் வந்தால் அது டிஷ் அலைவரிசையின் சுபாவம். 11, 12 கிகாஹெர்ட்ஸ் அலையை மழைத்துளி விழுங்கிவிடும். எந்தக் கனெக்டரும் அதைத் திருத்தாது.

மழை நின்று இரண்டு நாள் வெயில் அடித்த பிறகும் சிக்னல் தேறவில்லை என்றால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. பின்னல் ஒரு திரி மாதிரி, தண்ணீரைத் தனக்குள்ளேயே இழுத்துக்கொண்டு மீட்டர் கணக்கில் கீழே போகும். பெட்டியின் சாக்கெட்டில் ஈரம் இருப்பதைப் பார்த்து வீட்டுக்குள் எப்படித் தண்ணீர் என்று திகைப்பார்கள், மாடியிலிருந்து வயர் வழியாகவே வந்திருக்கும். அந்த அளவுக்குப் போன வயரை உலர்த்திப் பயனில்லை, மாற்றுங்கள்.

புதிதாகப் போடும்போது எல்என்பிக்கு முன்னால் வயரை ஒரு தொங்கலாக விடுங்கள், தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிப் போய்விடும். கனெக்டரைச் சாதாரண இன்சுலேஷன் டேப்பால் சுற்றினால் நம் வெயிலில் பசை உருகி ஒரு வருடத்தில் அவிழும், அதற்குள் தண்ணீரைப் பிடித்தும் வைத்திருக்கும். தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப் கிடைக்கும். அதை இழுத்துப் பிடித்துக் கீழிருந்து மேலாகச் சுற்றினால் ஓடு வேய்ந்தது போல அடுக்கு விழும். சிலிக்கான் பூசுவதென்றால் மோந்து பாருங்கள். காடி வாசனை அடிக்கும் வகை காயும்போது அமிலம் விடும், அதுவே செம்பில் களிம்பை வரவழைக்கும்.

கேபிள் இணைப்பு: ஒன்றிரண்டு சேனல் மட்டும் உடைகிறது

டிஷ் இல்லாமல் தெருவிலிருந்து கேபிள் வரும் வீடுகளுக்கு இது. குறிப்பிட்ட சில சேனல் மட்டும் அவ்வப்போது கட்டம் போட்டால், போனைப் பெட்டியிலிருந்து தள்ளி வைத்துப் பாருங்கள். 4ஜிக்குப் பயன்படும் 850 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் போன் அனுப்பும் அலை 824 முதல் 849 வரை, கேபிள் சேனல்களின் மேல் எல்லையும் அங்கேதான். பின்னல் சரியாகப் படியாத கனெக்டர் ஓர் ஏரியல் மாதிரி அந்த அலையை உள்ளே விடும். உரித்து மடிக்கும்போது வேலை குறையட்டும் என்று பாதிப் பின்னலை நறுக்கிவிடுகிறவர்கள் செய்யும் கோளாறு இது.

கனெக்டர் ஏறவில்லை, அல்லது கையோடு வந்துவிடுகிறது

பெரும்பாலும் அளவு மாறியிருக்கும். பழைய ஆர்ஜி-59 வயர் 6 மி.மீ. தடிமன்தான், ஆர்ஜி-6 கனெக்டர் அதில் வழுக்கிக்கொண்டு வரும். மாற்றிப் போட்டால் ஏறவே ஏறாது. டேப் சுற்றித் தடிமன் ஏற்றுவதெல்லாம் வேண்டாம், கடைக்கு ஒரு துண்டு வயரை எடுத்துப் போங்கள். அளவு சரியாக இருந்தும் பாதியில் நின்றால் உட்குழாய் சில்வர் பேப்பரைச் சுருட்டிக்கொண்டு போகிறது என்று அர்த்தம். வெளியே எடுத்து, பேப்பரின் விளிம்பை விரலால் தடவிப் படியவைத்து, வயரைச் சற்றே திருகியபடி ஏற்றுங்கள்.

தொட்டால் சுர்ரென்கிறது

லேசான கூச்சம் என்றால், இரண்டு முள் பிளக் உள்ள பெட்டியோ டிவியோ தன் மின்சுற்றிலிருந்து கசியவிடும் மிகச் சிறிய மின்சாரமாக இருக்கலாம். வீட்டுச் சாதனங்களை எல்லாம் பிளக்கிலிருந்து பிடுங்கிய பிறகும், தெருவிலிருந்து வரும் கேபிளில் டெஸ்டர் எரிந்தால் தொடாதீர்கள். கேபிள்காரரையும் எலக்ட்ரீஷியனையும் கூப்பிடுங்கள். இந்த ஒன்றில் நான் கை வைப்பதில்லை.

எல்லாம் செய்தும் அதே குறை

இரண்டு முனையும் புதிது, ஓம் கணக்கும் சரி, படம் மட்டும் இல்லை. அப்படியென்றால் பெட்டியையும் ஒரு சின்ன டிவியையும் மாடிக்குத் தூக்கிப் போய், ஒரு மீட்டர் துண்டு வயரில் எல்என்பியோடு நேராக மாட்டிப் பாருங்கள். அங்கேயும் வராவிட்டால் எல்என்பி, டிஷ், பெட்டி மூன்றில் ஒன்று. அங்கே வந்தால் நடு வயர்தான். எங்கோ கூர்மையாக மடங்கி நுரை நசுங்கியிருக்கும், அல்லது எங்கள் வீட்டு அணிலுக்கு உங்கள் பக்கம் சொந்தக்காரர் இருப்பார்.

புது வயர் இழுக்கப் பழைய வயரே கயிறு. இரண்டு முனைகளையும் சேர்த்து டேப் சுற்றி, ஒருவர் மேலிருந்து ஊட்ட ஒருவர் கீழிருந்து இழுத்தால் பைப்புக்குள் வந்துவிடும். இழுப்பதற்கு முன்பே கனெக்டரைப் போட்டுவிடாதீர்கள், முதல் வளைவிலேயே மாட்டிக்கொள்ளும். நான் ஒரு முறை அப்படிச் செய்து, அதை வெளியே எடுக்க ஒரு மாலை முழுவதும் ஆனது.